கல்லாறு, பர்லியார் மலை இடுக்கில் ஒரு நாள்: பூச்சிப் படம் எடுக்க எவ்வளவு நடக்க வேண்டும்?

கோயம்புத்தூரிலிருந்து ஒரு நாள் மட்டும் ஒதுக்கி, மேட்டுப்பாளையத்துக்கு மேலே கல்லாற்றில் தொடங்கிக் குன்னூர் வரை ஏறும் மலை இடுக்கில் நடந்து பூச்சிகளைப் படமெடுக்க விரும்பும் ஒருவர், எவ்வளவு தூரம் நடப்பது, எந்த நேரத்தில் எங்கே இருப்பது, தன்னிடமுள்ள ஏபிஎஸ்-சி (நடுத்தர அளவு சென்சார்) கேமராவோடு, மிக நெருங்கி எடுக்க உதவும் 90 மி.மீ. மேக்ரோ லென்ஸ் போதுமா, 70-300 லென்ஸையும் முக்காலியையும் சேர்த்துச் சுமக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறார். முதல் கேள்விக்குப் பதில் சொன்னாலே மற்றவற்றுக்குப் பாதி பதில் கிடைத்துவிடும் என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன். மிகக் குறைவாக நடங்கள். காலையில் ஒரு கிலோமீட்டர், நண்பகலில் நீரோரமாக அரைக் கிலோமீட்டர் என்பது தாராளமாகப் போதும். வெயில் எந்தச் சரிவை முதலில் தொடுகிறதோ, ஈர மண் எங்கே வெளியே தெரிகிறதோ அங்கேதான் பூச்சிகள் அந்தந்த நேரத்துக்குக் கூடுகின்றன. அரை மணி கழித்து அதே இடம் வெறுமையாகிவிடும். ஆறு மணி நேரத்தில் பன்னிரண்டு கிலோமீட்டர் நடப்பவர் இந்தக் கூட்டங்களை எல்லாம் சற்று முன்னதாகவோ சற்றுப் பின்னதாகவோ கடந்து போய்விடுவார்.

இடத்தின் அமைப்பைப் புரிந்துகொண்டால் இது விளங்கும். குன்னூர்ப் பீடபூமியின் விளிம்பிலிருந்து குன்னூர் ஆறு செங்குத்தாக இறங்கிப் பவானியைச் சேரும் வழியில் இந்த இடுக்கை அறுத்திருக்கிறது. ஒரு பக்கம் பக்காசுரன் மலையின் பாறைச் சுவர். மறுபக்கம் மலை ரயிலும் நெடுஞ்சாலையும் ஒட்டிக்கொண்டு ஏறும் சரிவு. கல்லாறு ரயில் நிலையம் ஏறத்தாழ 400 மீட்டர் உயரத்திலும் குன்னூர் நிலையம் ஏறத்தாழ 1,700 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. இடையே ரயில் பாதையின் நீளம் ஏறத்தாழ 20 கிலோமீட்டர்தான். உயரம் கிலோமீட்டருக்குச் சராசரி ஆறரை டிகிரி வெப்பம் குறையும் என்று கொண்டால், அடிவாரத்துக்கும் மேல்விளிம்புக்கும் எட்டு டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருக்கும். அதற்கேற்பக் கீழே வறண்ட இலையுதிர் காடும் பாக்குத் தோப்புகளும், நடுவே பர்லியாரைச் சுற்றி ஈரமான காடும் பழத் தோட்டங்களும், மேலே தேயிலையும் சோலையும் எனத் தாவரங்கள் மாறுகின்றன. நீலகிரியில் தேயிலைத் தோட்டம் நடத்தியவரும் பின்னாளில் அந்துப்பூச்சி ஆய்வில் பெரும் பெயர் பெற்றவருமான ஜார்ஜ் ஹாம்ப்சன், இம்மாவட்டத்து வண்ணத்துப்பூச்சிகளைப் பற்றி 1888இல் எழுதியதிலிருந்து இன்றுவரை இந்த மலைச்சரிவு ஆர்வலர்களை ஈர்த்துக்கொண்டிருப்பதற்கு, ஒரே நாளில் இத்தனை வகைக் காடுகளைத் தொட முடிவதே முதன்மையான காரணம்.

இடுக்கின் வாய் மேட்டுப்பாளையச் சமவெளியை நோக்கித் தென்கிழக்கே திறந்திருப்பதால் காலை வெயில் உள்ளே நன்றாக நுழைகிறது. ஆனால் மேற்கே உயர்ந்த மலை நிற்பதால் பிற்பகலில் நிழல் சீக்கிரமே விழுந்துவிடுகிறது. சமவெளியில் ஐந்து மணி வரை கிடைக்கும் வெளிச்சம் இங்கே ஆற்றுப் படுகையில் மூன்றரை மணிக்கே மங்கிவிடலாம். எனவே உங்கள் நாள் விடியலிலிருந்து பிற்பகல் மூன்று மணி வரைதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே நடக்கலாம் என்பதை இந்த இடத்திலேயே சொல்லிவிட வேண்டும். சாலையின் இருபுறமும் உள்ள காட்டின் பெரும்பகுதி காப்புக்காடு. வனத்துறை அனுமதியின்றி அதற்குள் நுழைவது 1882ஆம் ஆண்டுத் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச்சில் மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கி உயிரிழந்த பிறகு இவ்விதிகள் மேலும் இறுக்கமாயின. அது நியாயமானது என்றே நினைக்கிறேன். மலை ரயிலின் தண்டவாளம் அழகான நடைபாதை போலத் தோன்றினாலும் அதில் நடப்பது சட்டவிரோதம், பாலங்களில் ஒதுங்க இடமும் கிடையாது. எஞ்சுவது பர்லியார் ஊரைச் சுற்றிய சாலையோரங்கள், அங்கே மங்குஸ்தான், ஜாதிக்காய், கிராம்பு மரங்கள் நிற்கும் தோட்டக்கலைப் பண்ணை, உரிமையாளரிடம் கேட்டு நுழையக்கூடிய தனியார் தோப்புகள், இறங்கத் தடையில்லாத ஓடைக் கரைகள் ஆகியவையே. காட்டுக்குள் போக விரும்பினால் வனத்துறை 2024இல் தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் வழிகாட்டியோடு பதிவு செய்துகொள்ளலாம், ஆனால் அங்கே குழுவின் வேகத்துக்கு நடக்க வேண்டியிருக்கும். பூச்சிப் படத்துக்குச் சாலையோரமும் தோட்டமும் எவ்விதத்திலும் குறைந்தவை அல்ல. காட்டின் விளிம்பில்தான் வெயிலும் பூவும் ஒன்றாகக் கிடைக்கின்றன. நீலகிரி மாவட்டத்துக்குள் வெளியூர் வண்டியில் நுழைய 2024 மே முதல் இ-பாஸ் முறை நடைமுறைக்கு வந்திருப்பதையும், ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டில்களுக்கு அங்கே தடை இருப்பதையும் புறப்படும் முன்பே கவனித்துக்கொள்ளுங்கள்.

பருவத்தைப் பொறுத்தவரை, தென்மேற்குப் பருவமழை தணிந்து வடகிழக்குப் பருவமழை வலுக்காத இடைவெளியான செப்டம்பர் பிற்பாதியும் அக்டோபர் முதல் வாரங்களுமே என் தேர்வு. தாவரங்கள் துளிர்த்திருக்கும், ஓடைகளில் தட்டான்கள் நிறைந்திருக்கும், ப்ளூ டைகர், டார்க் ப்ளூ டைகர், காமன் குரோ போன்ற வண்ணத்துப்பூச்சிகள் சமவெளியிலிருந்து மேற்கு மலைத்தொடரை நோக்கிக் கூட்டமாக வலசை வரும் காலமும் அதையொட்டித் தொடங்குகிறது. நவம்பரில் பூச்சிகள் குறைவதில்லை, ஆனால் மலை நனைந்து சரியும் காலம் அது. 2009 நவம்பரில் நீலகிரியில் நிகழ்ந்த நிலச்சரிவுகளில் பலர் இறந்தார்கள். மார்ச், ஏப்ரல் மாதங்களில் வேறு வகை வாய்ப்பு உண்டு: நீர் வற்றி ஈரமண் சில திட்டுகளாகச் சுருங்கும்போது வண்ணத்துப்பூச்சிகள் அத்திட்டுகளில் நெருக்கியடித்துக் கூடும்.

விடியலில் செய்ய வேண்டியதைப் பலர் தவறவிடுகிறார்கள். பூச்சிகளுக்கு உடல் வெப்பத்தைத் தாமே எப்போதும் நிலையாக வைத்துக்கொள்ளும் வசதி இல்லை. பறக்க வேண்டுமானால் மார்புத் தசைகள் சூடேற வேண்டும். இரவின் குளிரில் விறைத்துக் கிடக்கும் அந்த ஒரு மணி நேரத்தில்தான் ஒரு தட்டானின் கூட்டுக்கண்ணைச் சாவகாசமாக, ஒன்றுக்கொன்று அளவில் (சென்சாரில் அதன் உண்மை அளவிலேயே விழும்படி), பல ஃபோகஸ் தளங்களில் எடுத்து இணைக்க முடியும். தேடுமிடம் இடுப்பளவு உயரப் புல்லும் காய்ந்த தண்டுகளும். பர்லியார் போன்ற இடங்களில் சாலையோரக் காய்ந்த குச்சிகளைக் கூர்ந்து பாருங்கள்: நீலப் பட்டைகள் கொண்ட சிறு காட்டுத்தேனீக்களின் ஆண்கள் குச்சியைத் தாடைகளால் கவ்வி, கால்களை மடக்கி, உடல் காற்றில் நீட்டியிருக்க, ஒன்றன்கீழ் ஒன்றாக உறங்கிக்கொண்டிருக்கும். ஓர் அடி தூரத்திலிருந்து பார்த்தால் மார்பின் மயிர்களில் பனித்துளிகள் தெரியும். வெயில் பட்டதும் முதலில் உணர்கொம்பு அசையும், பிறகு ஒரு கால் எழுந்து கண்ணைத் துடைக்கும், அடிவயிறு விரைவாக ஏறி இறங்கத் தொடங்கும், அடுத்த சில நிமிடங்களில் அது போய்விடும். இந்த வரிசை முழுவதையும் படமாக எடுக்க வேண்டுமானால் வெயில் அந்தக் குச்சியைத் தொடுவதற்குப் பத்து நிமிடம் முன்பே முக்காலி நின்றிருக்க வேண்டும். குச்சியை ஒடித்து வெளிச்சத்துக்குக் கொண்டுவருவோரைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தேனீக்கள் அந்தக் குச்சிக்கே இரவுதோறும் திரும்புபவை என்பதால் அது பெரும் இடையூறு.

முந்தைய இரவு குன்னூரில் தங்கிக் காலையில் கீழே இறங்குபவர்களுக்கு ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. குளிர்ந்த லென்ஸைப் பர்லியாரின் ஈரக்காற்றில் திறந்தால் முன்கண்ணாடி உடனே ஆவி படிந்து பூத்துப்போகும். துடைத்தாலும் மறுபடி பூக்கும். கேமராவை மூடிய பையிலேயே அரை மணி நேரம் விட்டு, வெளி வெப்பத்துக்கு அது வந்த பிறகு எடுக்க வேண்டும். ஏசி போட்ட வண்டியில் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வருபவர்களுக்கும் இதே கதைதான்.

எட்டு மணியிலிருந்து பத்து மணி வரை, வெயில் சரிவில் இறங்கிவரும் எல்லைக்கோட்டைப் பின்தொடருங்கள். வண்ணத்துப்பூச்சிகள் இலைகளின் மேல் உட்கார்ந்து உடலைச் சூடேற்றும் நேரம் இது. வரியன்கள் எனப்படும் நிம்ஃபாலிடே குடும்பத்து வகைகளில் பல சிறகை முழுக்க விரித்து முதுகை வெயிலுக்குக் காட்டும். வெள்ளை, மஞ்சள் வகைகளில் பல சிறகை மூடியபடியே பக்கவாட்டில் சாய்ந்து வெயிலை வாங்கும். சிறகின் மேற்பக்கம் படத்தில் வர வேண்டுமென்றால் இந்த இரண்டு மணி நேரமே உங்களுக்கு வாய்ப்பு, உடல் சூடேறியபின் பல இனங்கள் உட்காரும்போதெல்லாம் சிறகை மூடிக்கொள்ளும். தமிழ்நாட்டின் மாநில வண்ணத்துப்பூச்சியாக 2019இல் அறிவிக்கப்பட்ட தமிழ் மறவனை இங்கே இந்த நேரத்தில் எதிர்பார்க்கலாம். செம்மஞ்சள் சிறகும் கரிய ஓரமும் கொண்ட அது மேற்கு மலைத்தொடரிலும் இலங்கையிலும் காணப்படுவது, அதன் புழு நீரடிமுத்து மர இலைகளைத் தின்று வளர்கிறது. காட்டு விளிம்பில் கூட்டமாகத் திரியும் இயல்புடையது என்பதால் ஒன்றைக் கண்டால் அங்கேயே காத்திருங்கள், இன்னொன்று வரும். தென்னிந்தியாவின் மிகப்பெரிய வண்ணத்துப்பூச்சியான சதர்ன் பேர்ட்விங் மரவுச்சியில் மிதந்தபடி போகும். அதைத் துரத்துவதில் பயனில்லை, உண்ணிப்பூச் செடியிலோ வேறு பூவிலோ தேன் குடிக்க இறங்கும் இடத்தைத் தெரிந்துகொண்டு 300 மி.மீ. லென்ஸோடு நிற்பதே வழி. தேன் குடிக்கும்போதும் அது முன்சிறகுகளை அடித்துக்கொண்டே இருக்கும் என்பதால் ஷட்டர் வேகம் 1/1000க்குக் கீழே போகக் கூடாது.

சாலையோரத்தில் கிலுகிலுப்பைச் செடி வாடி நிற்பதைக் கண்டால் கட்டாயம் நில்லுங்கள். ப்ளூ டைகர், குரோ வகைகளின் ஆண்கள் காய்ந்த, காயம்பட்ட தண்டுகளை மொய்த்துக் காலால் சுரண்டி, கசியும் சாற்றை உறிஞ்சும். பைரோலிசிடின் ஆல்கலாய்டு எனப்படும் அந்த நச்சுப்பொருள் பறவைகளிடமிருந்து பாதுகாப்பாகவும், பெண்ணை ஈர்க்கும் மணப்பொருள் தயாரிக்கவும் அவற்றுக்குத் தேவைப்படுகிறது. தேள்கொடுக்குச் செடியிலும் இதையே காணலாம். இந்த வேலையில் மூழ்கிய வண்ணத்துப்பூச்சி உங்களை ஏறெடுத்தும் பார்க்காது. நீட்டிய உறிஞ்சுகுழலின் நுனி நனைந்து மின்னுவதைக்கூட மேக்ரோ லென்ஸால் எடுத்துவிடலாம்.

பத்து மணியிலிருந்து நண்பகல் வரை ஈரமண் திட்டுகளுக்கு உரிய நேரம். ஆற்றோர மணலிலும், மாடோ யானையோ சிறுநீர் கழித்த இடத்திலும், சாணத்தின் ஓரத்திலும் காமன் ப்ளூபாட்டில், காமன் ஜே, அல்பட்ராஸ் வகைகள், எமிகிரன்ட்கள் ஆகிய வண்ணத்துப்பூச்சிகள் வந்து உட்கார்ந்து நீரை உறிஞ்சும். அவை நாடுவது நீரை விட அதில் கரைந்த சோடியத்தை. இலை தின்னும் புழுவுக்கு உப்பு மிகக் குறைவாகவே கிடைக்கிறது, பூந்தேனிலும் அது மிகக் குறைவே. கூடுபவை ஏறக்குறைய முழுவதும் ஆண்கள். சேர்த்த உப்பில் ஒரு பகுதியைப் புணர்ச்சியின்போது பெண்ணுக்குக் கொடுக்கின்றன, அது முட்டைகளுக்குப் போகிறது. ப்ளூபாட்டில், ஜே இரண்டும் குடித்துக்கொண்டே உடலின் பின்நுனியிலிருந்து சில நொடிக்கொரு முறை நீர்த்துளியைப் பீய்ச்சுவதைக் கவனியுங்கள். சூரியனை எதிர்நோக்கிப் படுத்து, மூடிய சிறகின் வழியாக ஒளி ஊடுருவி நீலப் பட்டை கண்ணாடிபோல் ஒளிரும் கோணத்தில், அத்துளி காற்றில் நிற்கும் படத்தை எடுக்க முடியும். அதற்கு 1/1600 ஷட்டர் வேகமும் தொடர் படமும் வேண்டும்.

நெருங்கும் முறைதான் இங்கே எல்லாம். கூட்டுக்கண் நுணுக்கத்தைக் காண்பதில் நம் கண்ணைவிடப் பலவீனமானது, அசைவையும் திடீர் நிழலையும் காண்பதில் மிக வல்லது. நின்றபடி நடந்து வந்தால் மூன்று மீட்டரிலேயே கூட்டம் எழும்பிவிடும். நிழல் முன்னால் விழாத பக்கத்தைத் தேர்ந்து, ஐந்து மீட்டர் தள்ளியே அமர்ந்து, பிறகு முழங்கையால் ஊர்ந்து, ஒவ்வொரு கை நகர்வுக்கும் பிறகு சற்று நிறுத்தி முன்னேறுங்கள். கூட்டம் எழும்பினால் பின்வாங்காமல் அதே இடத்தில் அசையாமல் கிடங்கள். அவற்றுக்கு உப்பின் தேவை பெரிது, சில நிமிடங்களில் திரும்பிவிடும், அப்போது உங்களை ஒரு பாறையாக எடுத்துக்கொள்ளும். உடன் வந்தவர் வேண்டுமென்றே கூட்டத்துக்குள் ஓடிப் பறக்கவிட, மற்றவர் அதைப் படமெடுப்பது இப்போது பெருகிவிட்டது. வெப்பமான நாளில் அந்தப் பூச்சிகள் செலவழிக்கும் ஆற்றலை எண்ணிப் பார்த்தால் அந்தப் படத்தின் மேல் ஆசை வராது.

நண்பகலில் வண்ணத்துப்பூச்சிகள் நிழலுக்குப் போகும், ஓடை தட்டான்களுடையதாகும். நடு ஓடைப் பாறையில் கிரிம்சன் மார்ஷ் கிளைடர் ஆண் இளஞ்சிவப்பு உடலோடு உட்கார்ந்து, வெயில் ஏற ஏற அடிவயிற்றைச் செங்குத்தாக வானை நோக்கித் தூக்கும். சூரியனுக்கு நேராக உடலின் நுனி மட்டும் தெரியுமாறு வைத்து வெப்பம் வாங்கும் பரப்பைக் குறைத்துக்கொள்ளும் உத்தி அது. அருவி விழும் இடத்தில் ஐரிடெசென்ட் ஸ்ட்ரீம் கிளைடர் உட்காராமல் மேலும் கீழுமாகக் காவல் பறந்துகொண்டே இருக்கும். அது திரும்பும் புள்ளி ஏறத்தாழ ஒன்றாகவே இருப்பதால், அங்கே முன்கூட்டியே கையால் ஃபோகஸ் வைத்துக் காத்திருப்பது ஆட்டோஃபோகஸை நம்புவதைவிடப் பயன் தரும். ஊசித்தட்டான்களில் ஸ்ட்ரீம் குளோரி ஆணைத் தவறவிடாதீர்கள். மூடிய சிறகோடு பழுப்பாக உட்கார்ந்திருக்கும் அது, போட்டி ஆண் வந்தாலோ பெண் வந்தாலோ பின்சிறகைச் சட்டென்று விரிக்க, உலோகப் பச்சை நிறம் வெடித்தெழும். அது சாயத்தால் வந்த நிறம் அல்ல, சிறகின் நுண்ணடுக்குகளில் ஒளி எதிரொளித்துக் கலப்பதால் வருவது. ஆகவே சூரியன் உங்கள் முதுகுப்பக்கம் இருந்தால் மட்டுமே படத்தில் அந்தப் பச்சை தெரியும், எதிரிலிருந்து எடுத்தால் கறுத்துப்போகும். நிழலடர்ந்த ஓடைப் புதரில் ஃபாரஸ்ட் குளோரிகள் கும்பலாகத் தொங்குவதைக் காணலாம், அங்கே ஃபிளாஷ் தேவைப்படும்.

கருவிகளைப் பற்றிய கணக்கு இதுதான். ஒன்றுக்கொன்று அளவில், ஏபிஎஸ்-சி கேமராவில் லென்ஸ் துளையை எஃப்/8 என வைத்தால் தெளிவாக வரும் ஆழம் முக்கால் மில்லிமீட்டருக்கும் குறைவு. எஃப்/11இல் ஏறத்தாழ 0.9 மி.மீ. பாதி அளவுக்குப் பின்வாங்கினால் எஃப்/8லேயே இரண்டு மில்லிமீட்டர் அருகில் கிடைக்கும், வண்ணத்துப்பூச்சி முழுதும் சட்டத்தை நிரப்பும் ஐந்தில் ஒரு பங்கு அளவில் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் கிடைக்கும். எனவே மூடிய சிறகுள்ள பூச்சியைச் சிறகுக்கு இணையாக சென்சாரை வைத்து எடுத்தால் முழுவதும் தெளிவாகும். கோணம் பத்து டிகிரி விலகினாலும் ஓரம் மங்கும். ஆழம் வேண்டி எஃப்/22 வரை மூடாதீர்கள்: ஒன்றுக்கொன்று அளவில் அது நடைமுறையில் எஃப்/44 ஆக வேலை செய்து, சிறு துளையின் விளிம்பில் ஒளி வளைவதால் படம் முழுவதையும் மழுங்கடிக்கும். 90 மி.மீ. மேக்ரோ விடியலுக்கும் மெதுவாக நகரும் பூச்சிகளுக்கும் போதும். ஆனால் ஓடை நடுப் பாறையில் இருக்கும் தட்டானை அது எட்டாது. பெரும்பாலான 70-300 லென்ஸ்கள் ஒன்றரை மீட்டர் தூரத்திலிருந்து கால் பங்கு அளவு தரும், உங்கள் சென்சாரில் ஒன்பது சென்டிமீட்டர் அகலம் அடங்கும் என்பது அதன் பொருள். ஒரு பெரிய வண்ணத்துப்பூச்சிக்கு அது சரியாகப் பொருந்தும். ஆகவே இரண்டையும் எடுத்துச் செல்லுங்கள்.

காட்டு நிழலில் ஃபிளாஷ் இன்றிச் சமாளிக்க முடியாது. ஆனால் அதை வெறுமையாகப் பயன்படுத்தினால் வண்டுகளின் ஓட்டில் ஒரு வெள்ளைப் புள்ளி மட்டுமே மிஞ்சும். மெல்லிய வெள்ளை ஃபோம் தாளை லென்ஸின் முனைக்கு மேலே கூரைபோல் வளைத்துக் கட்டிவிட்டால் ஒளி பூச்சியைவிடப் பன்மடங்கு பெரிய பரப்பிலிருந்து வந்து மென்மையாகும். பூச்சிக்கும் தாளுக்கும் இடைவெளி குறையக் குறைய மென்மை கூடும். ஃபிளாஷைக் குறைந்த வலுவில் வைத்தால் அதன் பளிச்சிடும் நேரம் மிகச் சுருங்கி, கை நடுக்கத்தையும் நிறுத்திவிடும். பின்னணி கறுத்துப்போகாமல் இருக்க ஐஎஸ்ஓவை 400, 800 என உயர்த்தி, ஷட்டரை 1/125 அளவுக்கு இறக்கிப் பாருங்கள்.

ஆபத்துகளில் முதலாவது யானை. கல்லாறுப் பகுதி யானைகள் கடக்கும் தடம். விடியலிலும் அந்தியிலும் புதர் மறைத்த வளைவுகளில் தனியாக, கண்ணைத் தரையில் வைத்து நடக்கக் கூடாது. கூட வருபவர் ஒருவர் படமெடுக்காமல் சுற்றுப்புறத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கட்டும்; மேக்ரோ எடுப்பவருக்கு உலகம் கைப்பிடி அளவாகச் சுருங்கிவிடுவதால் இது அவசியம். இரண்டாவது ஆறு. நீங்கள் நிற்குமிடத்தில் வெயிலடிக்கும்போதே குன்னூர்ப் பக்கம் கொட்டிய மழை சிறிது நேரத்தில் வந்து சேரும். நீரின் நிறம் மாறினாலோ, இலையும் சுள்ளியும் திடீரென மிதந்து வந்தாலோ, முக்காலியை விட்டுவிட்டுக்கூட மேலேறிவிட வேண்டும். இறங்கக் கூடாதென்ற பலகைகள் பெரும்பாலும் உயிரிழப்புகளுக்குப் பிறகே வைக்கப்படுகின்றன. மூன்றாவது, பாறைச் சுவர்களில் கூடு கட்டும் மலைத்தேனீ. இம்மலைகளின் குறும்பரும் இருளரும் தேன் எடுக்கும் கூடுகளை அத்தனை மரியாதையோடு அணுகுகிறார்கள். நீங்கள் தொலைவிலிருந்து 300 மி.மீ. லென்ஸால் எடுத்துக்கொண்டு, புகை, வாசனைத் தைலம், ட்ரோன் எதுவும் இன்றி விலகிவிடுங்கள். மழைக்காலத்தில் அட்டைகள் உண்டு, அவை தொல்லை மட்டுமே. புதரில் படுத்து எழுபவர்கள் நுண்ணிய சிக்கர் உண்ணிகள் பரப்பும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலைத்தான் நினைவில் வைக்க வேண்டும்: வீடு திரும்பியதும் குளித்து உடையைத் துவைத்துவிடுங்கள், ஓரிரு வாரத்தில் காய்ச்சலும் உடலில் கருகிய சிறு புண்ணும் தோன்றினால் மருத்துவரிடம் காட்டுக்குப் போனதைச் சொல்லுங்கள். தாமதமின்றி உரிய மருந்து கொடுத்தால் எளிதில் குணமாகும்.

ஓடைக் கல்லைப் புரட்டிப் பார்ப்பதைத் தவறென்று சொல்லமாட்டேன், அடியில் ஒட்டியிருக்கும் தட்டையான இளம்பூச்சிகளும், மணல் துகளால் கூடு பின்னி அதற்குள் வாழும் புழுக்களும் வேறெங்கும் காணக் கிடைக்காதவை. ஆனால் கல்லை நீரைவிட்டு வெளியே எடுக்காமல் சற்றே தூக்கிப் பார்த்து, அதே பக்கம் கீழாக அதே குழியில் வைக்க வேண்டும். பூச்சியைப் பிடித்துக் குளிரூட்டி அசையாமல் ஆக்கிப் படமெடுப்பதும், ஒட்டி வைப்பதும் எந்த வகையிலும் ஏற்கத்தக்கவை அல்ல; 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியல்களில் பல வண்ணத்துப்பூச்சிகள் இருப்பதால் பிடிப்பதே குற்றமாகலாம்.

எடுத்த படம் இனத்தை அறியவும் பயன்பட வேண்டுமென்றால் அழகான கோணத்தோடு நிறுத்தாதீர்கள். வண்ணத்துப்பூச்சிக்குச் சிறகின் இரு பக்கமும் வேண்டும். தட்டானுக்கு நேர் பக்கவாட்டுத் தோற்றமும், மேலிருந்து வால்நுனி இணைப்புறுப்புகளின் தோற்றமும் வேண்டும், ஏனென்றால் ஒரே பேரினத்தைச் சேர்ந்த நெருங்கிய இனங்களை அந்த நுனியே பிரித்துக் காட்டும். உட்கார்ந்திருக்கும் செடியின் இலையையும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், முட்டையிடும் பெண்ணாக இருந்தால் அது பூச்சியின் படத்தைவிட மதிப்புடையது. கேமராவின் கடிகாரத்தைச் சரிசெய்து வைத்து, கைபேசியில் உயரத்தையும் இடத்தையும் குறித்து, ஐநேச்சுரலிஸ்ட் போன்ற பொதுத்தளத்தில் பதிந்தால் நூறாண்டுக்கு முந்தைய நீலகிரிப் பட்டியல்களோடு ஒப்பிட்டு, எந்த இனம் மேலே ஏறியிருக்கிறது என்று பார்ப்பவர்களுக்கு உதவும்.

முக்காலியைப் பற்றி: விடியலுக்கு மட்டும் அது வேண்டும், அதுவும் கால்கள் தரையோடு விரியும், நடுத்தண்டு இல்லாத சிறியதாக இருந்தால் போதும். ஒன்பது மணிக்கு மேல் அதை வண்டியிலேயே வைத்துவிட்டு, அதற்குப் பதில் அரிசியோ பயறோ நிரப்பிய சிறு துணிப்பையை எடுத்துக்கொள்ளுங்கள்; பாறையிலும் மணலிலும் லென்ஸைத் தாங்க அதுவே நன்று. பர்லியாரில் ஏழு மணிக்கு முன்பே இருக்கும்படி வந்து, மூன்று மணிக்கு ஆற்றை விட்டு மேலேறி, இருட்டுவதற்குள் கல்லாற்றைக் கடந்து மேட்டுப்பாளையம் சேர்ந்துவிடுங்கள்.